ட்ராலியின் கடைசித் தட்டு

எங்கள் கேஷுவாலிட்டியில் இருக்கிற டிரெஸ்ஸிங் ட்ராலிக்கு மூன்று தட்டு. மேல் தட்டில் பஞ்சு, காஸ், பெட்டாடின். நடுத் தட்டில் சிரிஞ்சு, ஐ.வி. செட், பிளாஸ்டர். கடைசித் தட்டில் நாலு அங்குல ரோலர் பேண்டேஜ் ஏழெட்டுச் சுருள் எப்போதும் கிடக்கும். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அது எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் கத்திக்கொண்டு வருவார், அட்டெண்டர் அண்ணன் குனிவார், சுருள் வெளியே வரும். கட்டில் சட்டத்தில் எந்த மூலையில் முடிச்சுப் போட்டால் நழுவாது என்பதுகூட இரண்டாம் மாதத்தில் கைக்குப் பழகிவிடும்.

நான் பதினாலு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். எத்தனை பேரைக் கட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண ஆரம்பித்தால் தூக்கம் கெடும் என்பதால் எண்ணவில்லை என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் ஒருவரை மறக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். எழுபது தாண்டிய பெரியவர், மகனும் மருமகளும் ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். சாயங்காலத்திலிருந்து ஒரு மாதிரி பேசுகிறார், எழுந்து எழுந்து ஓடுகிறார், பேரனை அடிக்கக் கை ஓங்கினார், இதுவரை இப்படிச் செய்ததே இல்லை என்றார்கள். வந்ததும் கட்டிலில் படுக்க மாட்டேன் என்றார். வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்தபோது உதறிவிட்டதில் என் வாட்ச் கழன்று விழுந்தது. அவ்வளவுதான், "வயலண்ட்" என்று ஒரு வார்த்தை அந்த அறையில் யார் வாயிலிருந்தோ வந்தது, அதற்கப்புறம் யாரும் எதுவும் யோசிக்கவில்லை. நான்கு பேர் பிடித்தோம், கை இரண்டும் கால் இரண்டும் கட்டினோம், செரினேஸ், பினர்கன் என்று அமைதிப்படுத்துகிற ஊசி இரண்டும் போட்டோம். கேஸ் ஷீட்டில் "மெண்டல் இல்னஸ்?" என்று கேள்விக்குறியோடு எழுதப்பட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துப் போர்வையைச் சரிசெய்யப் போனேன். பாதித் தூக்கத்திலும் முனகிக்கொண்டிருந்தார். வயிற்றின் மேல் என் கை பட்டது. அடிவயிறு ஒரு பெரிய கொய்யாக்காய் மாதிரிக் கெட்டியாக, தொப்புளை எட்டுகிற அளவுக்கு நின்றது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன், கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய் போட்டோம், பை நிறைய 900 மில்லி சிறுநீர் வந்தது. மகனிடம் விசாரித்தால், இரண்டு நாளாகச் சளி, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள வயதானவர்களுக்குச் சில சளி மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும். கொடுமை என்னவென்றால், நாங்கள் போட்ட பினர்கனும் அதே வேலையைத்தான் செய்யும். அடைத்துக்கொண்டு துடித்தவரைக் கட்டிப் போட்டு, அடைப்பைக் கூட்டுகிற மருந்தையும் போட்டிருக்கிறோம். விடியற்காலையில் தெளிந்து எழுந்தவர் என்னிடம் கோபமே படவில்லை. "ஒண்ணுக்குப் போகணும்னுதான்மா சொன்னேன்" என்றார்.

சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், வேட்டியை இழுத்ததே அதைத்தான் சொன்னது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் மனநலப் பிரிவிலிருந்து எங்கள் பக்கம் போஸ்டிங் வந்த ஒரு பி.ஜி. டாக்டர் ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நர்ஸுகள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். ஆறே வரி. முதலில் நாங்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே எழுதுகிற ரெஜிஸ்டர் போதாதா என்பதுதான் எல்லார் மனதிலும்.

அந்த ஆறு வரி நார்வேயிலிருந்து வந்தது. ட்ரோன்ஹெய்ம் என்ற ஊரில் புரோசெட் மனநல மருத்துவமனை. அங்கே நோயாளிகள் யாரையாவது தாக்கிய சம்பவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தைய 24 மணி நேரத்தில் நர்ஸுகள் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று திருப்பிப் படித்திருக்கிறார்கள். திடீரென்று அடித்துவிட்டார் என்று நாம் சொல்கிறோமே, அது பெரும்பாலும் திடீரென்று இல்லை. ஆறு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. குழப்பமாக இருப்பது, எரிச்சல், கூச்சலும் ஆர்ப்பாட்டமும், கையை ஓங்கி உடம்பால் மிரட்டுவது, வாயால் மிரட்டுவது, கதவையோ நாற்காலியையோ உதைப்பது. இருந்தால் 1, இல்லையென்றால் 0. கூட்டினால் ஆறுக்குள் ஓர் எண். 0 என்றால் அடுத்த 24 மணி நேரத்தில் அடிதடி நடக்க வாய்ப்புக் குறைவு. 1, 2 என்றால் கவனிக்க வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும். 3-ஐத் தொட்டால் உடனே செய்ய வேண்டும், கைமீறினால் யார் என்ன செய்வது என்றும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் புரோசெட் பட்டியல். 2000-லிருந்து பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த நோயாளியாக இருந்து, அவர் எப்போதுமே அப்படித்தான் என்றால் 1 போடக்கூடாது, வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மட்டும்தான் போட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் டீ கேட்டாலே சண்டை மாதிரி இருக்கும். குரல் பெரிதாக இருக்கிற மனிதருக்கெல்லாம் ஆர்ப்பாட்டம் 1 என்று போட்டால் பாதி ஊரைக் கட்டிவைக்க வேண்டியதுதான். அதனால் கூட வந்தவரிடம் "இவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா?" என்று ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். பெரியவரின் மகனை நான் அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால், "இல்ல சிஸ்டர், அப்பா சத்தம் போட்டே பேச மாட்டார், ரெண்டு நாளா சளி, மாத்திரை போட்டதிலிருந்துதான்" என்று சொல்லியிருப்பார்.

சுவிட்சர்லாந்தில் இதை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2008-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களைச் சேர்க்கிற 14 மனநல வார்டுகள். ஒரு பகுதியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முறையாக மதிப்பெண் போட்டார்கள், எண் அதிகம் வந்தால் என்ன செய்யலாம் என்று குழுவாக உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். இன்னொரு பகுதியில் எப்போதும் போல. கடுமையான தாக்குதல்கள் 41 சதவீதம் குறைந்தன, பலவந்த நடவடிக்கைகள் 27 சதவீதம் குறைந்தன. புது மருந்து கிடையாது, புதுக் கட்டிடம் கிடையாது. ஒரு தாள், அதை நிரப்ப ஓரிரு நிமிஷம், அதைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற கட்டாயம், அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணிக்கை குறைந்தாலும் நடந்த தாக்குதல்களின் கடுமை குறையவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை.

முதலில் எனக்கும் புரியவில்லை, ஒரு தாள் எப்படி அடியைக் குறைக்கும் என்று. செய்துபார்த்தபோதுதான் புரிந்தது.

எங்கள் மாதிரி இடத்தில் நர்ஸ் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "சார், பெட் ஆறு கொஞ்சம் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார்" என்றால், "பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று பதில் வரும். பதினொன்றரைக்குத் திரும்பப் போட்டால் குரலில் எரிச்சல் இருக்கும், அவருக்கும் மேலே ஐ.சி.யு.வில் நாலு பேர் இழுத்துக்கொண்டிருப்பார்கள், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மணிக்கு பெட் ஆறு சலைன் ஸ்டாண்டைத் தூக்குவார், அப்போது எல்லாரும் ஓடிவருவோம், சுருள் வெளியே வரும். இப்போது அதே பத்து மணிக்கு "சார், பெட் ஆறு, எட்டு மணிக்கு ஸ்கோர் 1, இப்ப 3, குழப்பம், எரிச்சல், சத்தம்" என்று சொல்கிறேன், ஷீட்டிலும் நேரத்தோடு எழுதுகிறேன். எழுதிவிட்ட எண்ணை யாரும் "பாத்துக்கோங்க" என்று தள்ளிவிட முடியாது. வருகிறார்கள். வந்து சுகர் பார்க்கிறார்கள், ஆக்சிஜன் பார்க்கிறார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த மூன்று மணி நேரம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது என்பதுதான் நான் கண்ட பலன். தாள் நோயாளிக்கு ஒன்றும் செய்வதில்லை, எங்களைத்தான் நிறுத்திப் பார்க்கவைக்கிறது.

டியூட்டி மாற்றும்போது சொல்கிற பேச்சும் மாறியிருக்கிறது. முன்பு "மூணாம் நம்பர் டிஸ்டர்ப்டு, ஜாக்கிரதை" என்போம். அடுத்து வருகிற சிஸ்டர் அந்த ஆளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பயந்துவிடுவார், பயந்த முகத்தைப் பார்த்து அவர் இன்னும் கொந்தளிப்பார். இப்போது "எரிச்சல் இருக்கு, மத்ததெல்லாம் இல்ல, பொண்டாட்டி போன் வரலன்னு கோபம்" என்கிறோம். ஒன்று பேய்க்கதை, இன்னொன்று தகவல்.

புரோசெட் வார்டுக்கென்று செய்தது, நாளைக்கு என்ன நடக்கலாம் என்று சொல்வது. கேஷுவாலிட்டி வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது நமக்கு வேண்டியது இந்த நிமிஷம் எப்படி இருக்கிறார் என்பது. அதற்கு இன்னொரு சின்ன அளவுகோல் உண்டு, ஒன்றிலிருந்து ஏழு. 1 என்றால் எழுப்பவே முடியவில்லை, 4 என்றால் விழித்து அமைதியாக இருக்கிறார், 5 என்றால் பரபரப்பு இருக்கிறது ஆனால் சொன்னால் கேட்டு அடங்குகிறார், 6 என்றால் ஓயாமல் அலைகிறார், ஆனால் பிடித்து வைக்கத் தேவையில்லை, 7 என்றால் பிடித்தே ஆக வேண்டிய நிலை. என் கணக்கில், நாங்கள் கட்டியவர்களில் பெரும்பாதிப் பேர் 5. சொன்னால் கேட்டிருப்பார்கள். நாங்கள்தான் சொல்லிப் பார்க்கவில்லை. ஊசி போட்டபிறகும் இதே அளவுகோலைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டியது 4, மூன்றுகூடப் பரவாயில்லை. "நல்லாத் தூங்குறார்" என்று சந்தோஷமாகச் சொல்கிற பல பேர் 1-ல் கிடப்பார்கள், மூச்சு எப்படிப் போகிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல்லிப் பார்ப்பது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். போன வருஷம் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து ஆம்னி வேனில் கொண்டுவந்தார்கள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், விரலெல்லாம் ஊதா நிறம். ஒரு வாரமாகத் தூக்கமில்லையாம், வீட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறானாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "அமைதியா இருடா" என்று மூன்று பேர் கத்தினால் எவன் அமைதியாக இருப்பான்?

முதல் வேலை அந்த மூன்று பேரையும் வெளியே அனுப்பியது. சித்தப்பாவுக்குக் கோபம், "அவன் அடிச்சா நீங்க பொறுப்பா?" என்றார். செக்யூரிட்டி அண்ணனைக் கதவுக்கு வெளியே, பையன் கண்ணில் படாமல் நிற்கச் சொன்னேன். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு கை நீளம் தள்ளி உட்கார்ந்தேன். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் உட்காரவில்லை, அவன் என்னைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்று இருந்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து. ஒரே ஆள்தான் பேச வேண்டும், வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், ஒரே விஷயத்தைச் சலிக்காமல் திரும்பச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அவசர மனநல மருத்துவர்கள் சங்கம் 2012-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் இதெல்லாம் பத்து அம்சமாக எழுதியிருக்கிறது, பல நேரம் ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே பலன் தெரியும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்குப் பதினைந்து ஆனது.

"தம்பி, என் பேரு இது, நான் இங்க நர்ஸு. கை வலிக்குதா?"

பதில் இல்லை. முறைத்தான்.

"கை ஊதாவா இருக்கு. துண்ட அவுத்து விடவா?"

"அவுத்தா கொன்னுருவேன்" என்றான். கணக்குப்படி வாயால் மிரட்டல் 1, எரிச்சல் 1, குழப்பமும் உண்டு. மூன்று. ஆனால் அவன் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை, வெளியே போன சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னான். இதைத் தாளில் போட இடமில்லை, ஆனால் இதுதான் முக்கியம். "உன்னைக் கட்டுனவங்க மேல கோவம் இருக்கத்தானே செய்யும்" என்றேன். விஷம் வைக்கிறார்கள் என்று அவன் சொன்னதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லவே இல்லை என்றும் சண்டை போடவில்லை. ஒரு வாரம் தூங்காமல் இருந்தால் யாருக்கும் உடம்பு முடியாது என்றேன், அதை அவனும் ஒத்துக்கொண்டான். துண்டை அவிழ்த்தபோது கை நடுங்கியது, அவனுக்கு இல்லை, எனக்கு. சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், அவனே திறந்து குடித்தான். அந்த பாட்டில் யோசனை என்னுடையது இல்லை, வாசலில் நின்ற அவன் அம்மா சொன்னது, "மூடி திறக்காததுன்னா குடிப்பான் சிஸ்டர்." மூன்று ஆண்களுக்குத் தெரியாதது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவரை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் வந்ததும் மாத்திரையா ஊசியா என்று அவனிடமே கேட்டோம். ஊசி என்றான், மாத்திரையில் ஏதாவது கலந்திருப்பார்கள் என்று. எந்தக் கையில் என்று கேட்டோம், இடது கை. அரை மணியில் புரோசெட் ஸ்கோர் 1. ஒரு முடிச்சுகூடப் போடவில்லை.

எல்லா நாளும் இப்படி இருக்காது. இதே முறையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் முன்கையைக் கடித்துவிட்டார், தழும்பு இன்னும் இருக்கிறது. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் எலும்பு முறிவு வார்டில் உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று காலில் எடை கட்டி இழுத்துவைத்த டிராக்ஷனோடு எழுந்து ஓடப் பார்க்கிறவரிடம் நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிப் பயனில்லை, அவருக்கு உடனே வலிப்பைத் தடுத்து அமைதிப்படுத்துகிற லோராசெபாம் வேண்டும், தயமின் என்கிற வைட்டமின் வேண்டும். அவரைக் கட்டிப் போட்டுவிட்டு மனநல டாக்டருக்குக் காத்திருந்தால் வலிப்பு வந்து போய்விடலாம். சில பேரைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். அதைச் செய்வதே பாவம் என்கிறவர்கள் ஒரு ராத்திரி வந்து எங்களோடு நிற்கட்டும்.

ஊசி என்றதும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்ம ஊர் பெருமை, நம்ம ஊரிலேயே பல பேருக்குத் தெரியாது. கொந்தளிப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு எந்த ஊசி நல்லது என்று உலகம் பூராவும் மேற்கோள் காட்டுகிற ஆய்வுகளில் இரண்டு வேலூர் சி.எம்.சி.யில் நடந்தவை. 2004-ல் வந்தது 200 பேரை வைத்துச் செய்தது. ஹாலோபெரிடாலோடு ப்ரோமெதசின், அதாவது நாங்கள் போடுகிற அதே செரினேஸ்-பினர்கன், அது லோராசெபாமைவிட வேகமாக அமைதிப்படுத்தியது. நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டுமே ஒன்றுதான். 2007-ல் 300 பேரை வைத்து ஒலன்சபின் ஊசியோடு ஒப்பிட்டார்கள், இரண்டும் சீக்கிரம் வேலை செய்தன, ஆனால் ஒலன்சபின் போட்டவர்களுக்கு மறுபடி மருந்து தேவைப்பட்டது கூடுதல். பினர்கன் ஏன் கூடவே போக வேண்டும் என்பதற்குப் பிரேசிலின் ரியோவில் ஓர் ஆய்வு, செரினேஸை மட்டும் தனியாகப் போட்ட பிரிவில் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்கிற பிரச்சினை அதிகம் வந்து, பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நாங்கள் பழக்கத்தில் செய்வதற்கும் காரணம் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷம். அந்தப் பெரியவருக்கு மட்டும் அது தப்பான ஊசி.

இனி சட்டம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் செத்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. பேப்பரில் வந்த படத்தை எங்கள் அம்மா மடித்து மறைத்து வைத்தார். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. தனியறையில் அடைப்பதும் கூடாது. கட்டுவதைப் பொறுத்தவரை 97-ஆம் பிரிவு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாமல். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று உடனே எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது.

ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கட்டக்கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. ராத்திரி இரண்டு சிஸ்டர், ஓர் அட்டெண்டர், விபத்துக் கேஸ் மூன்று, விஷம் குடித்த கேஸ் ஒன்று, இதற்கு நடுவில் ஸ்டூல் போட்டுப் பதினைந்து நிமிஷம் பேச ஆள் எங்கே? நாங்கள் கட்டியதில் நிறையக் கட்டு ஆள் இல்லாததால் போட்ட கட்டுத்தான். சட்டம் எழுதினவர்கள் எங்களைக் குற்றவாளியாக்கிவிட்டு ஆளைக் கொடுக்காமல் போய்விட்டார்கள் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வரியை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறேன். கட்டிய ஒவ்வொரு முறையும் ஷீட்டில் ஸ்கோரையும் எழுதி, அந்த நேரத்தில் டியூட்டியில் எத்தனை பேர் இருந்தோம் என்பதையும் எழுதுகிறேன். மேலிடத்தில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, "இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க" என்று கேட்டார். சட்டத்தில் இருக்கிறது சார் என்றேன்.

இந்தத் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. புரோசெட்டில் நான்கு வந்துவிட்டதா, போடு ஊசியை என்று அதையே பலவந்தத்துக்கு அனுமதிச் சீட்டாக ஆக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாடியும் சாராய வாடையும் கிழிந்த சட்டையுமாக வருகிறவருக்கு எங்கள் கை தானாக ஒரு மார்க் கூடப் போடும், சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து அதே அளவு கத்துகிறவரை "டென்ஷன்ல இருக்கார்" என்போம். கட்டிட வேலைக்கு வந்த பீகார் பையன் ஒருவனுக்குக் குழப்பம் 1, சத்தம் 1, மிரட்டல் 1 என்று போட்டோம், பிறகு கேன்டீனில் வேலை பார்க்கும் இந்தி தெரிந்த பையனை அழைத்துவந்து கேட்டால், மூன்று மாதச் சம்பளம் இருந்த பையை வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள், போலீஸைக் கூப்பிடு என்றுதான் அவ்வளவு நேரமும் கத்தியிருக்கிறான். அவன் குழம்பவில்லை, நாங்கள்தான். இன்னொன்று, சத்தமே போடாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிற வயதானவர்களுக்கு ஸ்கோர் 0 வரும், அவர்களில் சிலருக்குத்தான் காய்ச்சல் மூளைக்குப் போயிருக்கும். அதை இந்தத் தாள் கண்டுபிடிக்காது, அதற்காகச் செய்ததும் இல்லை.

கட்ட நேர்ந்தவரிடம் அப்புறமாகப் போய்ப் பேச வேண்டும் என்றும் அந்த அமெரிக்கப் பரிந்துரையில் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். என்னைக் கடித்த அம்மாவிடம் மூன்றாம் நாள் போனேன். நாங்கள் கட்டியது எதற்கு என்று சொன்னேன், உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ஊசி போட்டது, கட்டியது எதுவும் அவருக்குப் பெரிதாக இல்லை. பிடித்த இழுப்பில் புடவை விலகிவிட்டது, சுற்றி ஆண்கள் நின்றார்கள், யாரும் இழுத்து மூடவில்லை. அதைத்தான் சொன்னார். அந்த அறையில் அன்றைக்கு ஆறு பேர் இருந்தோம், நான் உள்பட, என் கை எரிந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் பிடிக்கப் போகும்போது ஒரு பெட்ஷீட்டும் கூட எடுத்துக்கொண்டு போகிறோம். ஒருவர் வேலை அது மட்டும்தான்.

கடைசித் தட்டில் சுருள் இன்னும் இருக்கிறது. ஏழெட்டு இல்லை, இரண்டு. கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது, சுருளை எடுத்தால் நேரமும் ஸ்கோரும் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டது. போன வாரம் நைட் டியூட்டியில் புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி குனிந்து சுருளை எடுத்துவிட்டார், கட்டிலில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து "எல்லாரும் போங்கடா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டைக் காட்டினேன். முகம் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார். எரிச்சல், சத்தம், வேறொன்றும் இல்லை.

"ரெண்டு வருது சிஸ்டர். இப்ப என்ன செய்யணும்?"

"முதல்ல அந்த டியூப் லைட்டை அணைங்க சார், நேரா கண்ணுல அடிக்குது. அப்புறம் அந்த நாலு பேரையும் வெளிய போகச் சொல்லுங்க, அவரும் அதைத்தான் கேக்குறாரு."